இன்பாக்ஸுக்குள் ஒரு காஞ்சிபுரம்

ராத்திரி பதினொன்றரை மணி. மேஜை மேல் ஏழு போன், மூன்று லேப்டாப், ஆறிப்போன டீ. ஏழு போனிலும் ஒரே மெயில் திறந்திருக்கிறது, எல்லாவற்றிலும் அதே புடவை. அரக்கு உடம்பு, பாட்டில் பச்சை பார்டர், முந்தி நிறைய ஜரிகை மாங்காய். காலை 10 மணிக்கு இந்தத் தீபாவளி மெயிலர் கிளம்பியாக வேண்டும். எங்கள் டிசைனர் தம்பி ஐந்தாவது போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அக்கா, பார்டர் சேர்ற இடத்துல ஏதோ புகை மாதிரி இருக்கு."

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது! பன்னிரண்டு வருஷமாக இதே வேலைதான், ஆனாலும் இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் நாற்காலியில் உட்கார முடியாது. அந்தப் புகைக்குப் பின்னால் ஐம்பது வருஷக் கணிதம் ஒளிந்திருக்கிறது. அது ஏன் வந்தது, எப்படி விரட்டினோம் என்று உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். வாருங்கள், உள்ளே வந்து உட்காருங்கள். அந்த நாற்காலியில் இருக்கிற சார்ஜரை மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

காலையில் உங்கள் இன்பாக்ஸில் வந்து விழும் துணிக்கடை மெயில், நகைக்கடை மெயில், டூர் பேக்கேஜ் மெயில், இவற்றை நீங்கள் இரண்டு விநாடி பார்ப்பீர்கள். அந்த இரண்டு விநாடிக்காக உள்ளே இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கிறோம். இது ஜேபெக்கா, பிஎன்ஜியா, ஜிஃபா? சுருக்கினால் எவ்வளவு சுருக்கலாம்? எந்த போனில் உடையும்? ஒரு மெயிலரில் பத்துப் படம் என்றால் பத்து முடிவு. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான்.

முதலில் ஒரு திரைமறைவு ரகசியம். அந்தப் படங்கள் மெயிலுக்குள் இருப்பதே இல்லை! மெயிலில் வருவது எழுத்தும், படம் எங்கே இருக்கிறது என்கிற முகவரியும்தான். நீங்கள் மெயிலைத் திறந்த பிறகுதான் படம் சர்வரிலிருந்து கிளம்புகிறது. ஜிமெயிலில் 2013 டிசம்பரிலிருந்து கூகுளின் சர்வரே நடுவில் நின்று படத்தை வாங்கி உங்களுக்குக் கொடுக்கிறது. ஆகவே 3 எம்பி படத்தை வைத்தோம் என்றால், பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றைக் கையில் போனைப் பார்க்கிறவருக்கு வெள்ளைக் கட்டம்தான் தெரியும். படம் வருவதற்குள் அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும்.

படத்தை மெயிலுக்குள்ளேயே எழுத்தாக மாற்றித் திணித்துவிட்டால் என்ன என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. பேஸ்64 என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், அதனால் சைஸ் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்படித் திணித்த படத்தை ஜிமெயில் காட்டாது. போதாததற்கு, மெயிலின் எழுத்துப் பகுதி 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி, "முழுதும் பார்க்க" என்று ஒரு லிங்க் போட்டுவிடும். ஆகவே அந்த வழி மூடியாயிற்று.

மெயிலில் படம் போக முடியும் என்பதே ஒரு காலத்தில் அதிசயம். 1992 மார்ச் 11 அன்று நத்தானியல் போரன்ஸ்டீன் என்ற அமெரிக்கர், நெட் ஃப்ரீடுடன் சேர்ந்து உருவாக்கிய மைம் என்ற முறையில் ஒரு மெயில் அனுப்பினார். உள்ளே அவரும் நண்பர்களுமாக நான்கு பேர் பாடும் குழுவின் படம், கூடவே அவர்கள் பாடிய பாட்டு. அதுவரை பெரும்பாலும் ஆங்கில எழுத்தே போய்க்கொண்டிருந்த குழாயில் போனது நாலு பேர் பாடுகிற படம்! ஒவ்வொரு மெயிலரை அனுப்பும்போதும் அந்த நாலு பேரை நினைத்துக்கொள்வேன்.

சரி, நம் புகைக்கு வருவோம்.

அந்தப் புடவை போட்டோ, அதனால் ஜேபெக். இதில் யோசிக்கவே வேண்டாம். இதே 1200 பிக்சல் அகலப் படத்தை பிஎன்ஜியில் எடுத்தபோது 3 எம்பி வந்தது, ஜேபெக்கில் 310 கேபி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான். இந்த மாயம் எப்படி நடக்கிறது தெரியுமா? ஜேபெக் முதலில் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டிவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் 64 அடிப்படை அலைகளின் கலவையாக எழுதும். அறுபத்துநான்கு கிண்ணம் வைத்த அஞ்சறைப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்தில் அந்தக் கட்டத்தின் சராசரி நிறம். அடுத்தடுத்த கிண்ணங்களில் மெல்லிய ஏற்ற இறக்கங்கள். கடைசிக் கிண்ணங்களில் மிக நுணுக்கமான துடிப்புகள். ஒரு கட்டத்துக்கு எந்தக் கிண்ணத்திலிருந்து எத்தனை சிட்டிகை என்பதுதான் குறிப்பு. கடைசிக் கிண்ணங்களிலிருந்து விழும் அரைச் சிட்டிகை, கால் சிட்டிகையை நம் கண் கவனிப்பதில்லை. அதைத் துணிந்து தூக்கி எறிந்துவிடலாம்!

எவ்வளவு எறியலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஜேபெக் தரத்தோடு மாதிரியாகத் தந்திருக்கும் அட்டவணையில் முதல் கிண்ணத்துக்கான எண் 16, மூலையில் இருக்கும் கடைசிக் கிண்ணத்துக்கு 99. ஒவ்வொரு அளவையும் அதற்குரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கிவிட்டால், சின்னச் சின்னச் சிட்டிகைகள் எல்லாம் பூஜ்யமாகிவிடும். போட்டோஷாப்பில் 'குவாலிட்டி' என்ற பட்டையை இழுக்கிறோமே, அப்போது உள்ளே இந்த எண்கள்தான் ஏறி இறங்குகின்றன.

இந்த அலைக் கணக்கைக் கண்டுபிடித்தவர் நசீர் அகமது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1972-இல் இதற்காக அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடவில்லை மனிதர். தன் மாணவர் டி. நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் வேலை செய்து 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1992-இல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது. அகமது, நடராஜன், ராவ்! பாட்டில் பச்சை பார்டர் ஒன்று உங்கள் போனில் ஒளிர்கிறது என்றால் அதில் இந்த மூவரின் கை இருக்கிறது. இந்தப் பெயர்களைப் பள்ளிப் பாடத்தில் பார்க்க எனக்கு ஆசை.

புகை எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் நம் கண்தான். கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு கூர்மையாகத் தெரியும், நிற வேறுபாடு அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. அதனால் ஜேபெக் வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து வைக்கும். வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துவிடும். தொழிலில் இதை 4:2:0 என்போம். முகம், வானம், சாப்பாடு, எதை எடுத்தாலும் இது தெரியவே தெரியாது.

ஆனால் காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் தெரியும்! கோர்வையில் உடம்பும் பார்டரும் தனித்தனி நிறம். மூன்று நாடா போட்டு, உடம்பு இழையையும் பார்டர் இழையையும் ஒவ்வொரு வரியிலும் கோத்துக் கோத்து நெய்வார்கள். அரக்கு முடிகிற இடத்தில் பச்சை பளிச்சென்று ஆரம்பிக்கும், நடுவில் கலவையே கிடையாது. இந்தச் சேலையில் தாழம்பூ ரேக்கு வேறு. பார்டரிலிருந்து உடம்புக்குள் வரிசையாகக் குத்தி நிற்கும் பச்சை முனைகள். ஒவ்வொரு முனையின் நுனியும் படத்தில் இரண்டு மூன்று பிக்சல்தான். நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்று ஜேபெக் கணக்குப் போட்டதும், அரக்கும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, முனைகளைச் சுற்றி அழுக்குப் பழுப்பாக ஒரு படலம். தம்பி பார்த்த புகை அதுதான்.

கண்டுபிடித்துவிட்டோம்! மருந்து ரொம்ப எளிது. எக்ஸ்போர்ட் செய்யும்போது நிறத்தைக் குறைக்காதே என்று சொல்லிவிட வேண்டும், அதாவது 4:4:4. தம்பி அந்த ஒரு படத்துக்கு மட்டும் மாற்றினான். 310 கேபி 352 ஆனது. 42 கேபி கூடுதல். ஏழு போனிலும் மறுபடி திறந்தோம். ரேக்கு ஒவ்வொன்றும் ஊசி மாதிரி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் கீழ்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

பிறகு அந்த 352-ஐயும் இறக்கினோம். அதற்கு ஒரு அழகான வழி உண்டு. மெயிலின் அகலம் 600 பிக்சல், ஆனால் இன்றைய போன் திரைகள் ஒரு பிக்சல் அகலத்தில் இரண்டு மூன்று புள்ளியை அடுக்கி வைத்திருக்கின்றன. அதனால் படத்தை 1200-ஆகச் செய்து 600-ஆகக் காட்டுகிறோம். இப்படிப் பாதியாகக் குறுக்கிக் காட்டும்போது ஜேபெக்கின் சின்னப் பிசிறுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். ஆகவே குவாலிட்டியை 80-லிருந்து 62-க்குத் தைரியமாக இறக்கலாம். ஜரிகையில் மட்டும் கண் வைத்திருக்க வேண்டும். ஜரிகை முழுக்கக் கடைசிக் கிண்ணங்களின் துடிப்பு, ரொம்ப இறக்கினால் தங்க மினுமினுப்பு போய் மஞ்சள் பூசினாற்போல் ஆகிவிடும். 62-இல் ஜரிகை உயிரோடு இருந்தது. 58-இல் செத்துவிட்டது. 62-லேயே நிறுத்தினோம். 218 கேபி.

"வெப்பி போட்டா இன்னும் குறையுமே அக்கா?" என்றான் தம்பி. குறையும். கூகுள் 2010-இல் அறிமுகம் செய்த ஃபார்மேட். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வடிவேலு ஸ்டிக்கர் எல்லாம் வெப்பிதான், அதனால் அது யாருக்கும் புதிதில்லை. வெப்சைட்டுக்கு அருமையான ஃபார்மேட், அங்கே நானும் அதைத்தான் போடுவேன். மெயிலுக்கு இன்னும் கை நடுங்குகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும் பழைய அவுட்லுக்கில் அது திறக்காது. இன்னொன்றும் உண்டு. போட்டோவுக்கான வெப்பி எப்போதுமே 4:2:0தான், நிறத்தை முழுதாக வை என்று அதனிடம் கேட்க வழியில்லை. அரக்கும் பச்சையும் சேரும் இடத்தில் அதே புகை திரும்ப வந்திருக்கும்! நம் கோர்வைக்கு 1992-இன் ஜேபெக்தான் சரி என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, வீட்டுக்குப் போய் அம்மாவை எழுப்பிச் சொல்லலாம் போலிருந்தது.

அடுத்தது எழுத்து. இதில்தான் தமிழில் மெயிலர் செய்கிறவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை.

விலை, தேதி, முகவரி எல்லாம் எழுத்தாகவே போகட்டும் என்பது எங்கள் சட்டம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் விண்டோஸிலும் தமிழ் ஃபான்ட் ஏற்கெனவே இருக்கிறது, படம் வராவிட்டாலும் செய்தி போய்ச் சேரும். ஆனால் தலைப்பு? "தீபாவளித் தள்ளுபடி" என்று ஓவியர் கையால் வளைத்து வளைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வளைவு எந்த ஃபான்ட்டிலும் கிடையாது. நாமே ஃபான்ட்டைச் சேர்த்து அனுப்பினாலும் ஜிமெயில் எடுத்துக்கொள்ளாது. ஆக, தலைப்பு படமாகத்தான் போக வேண்டும்.

முன்பு ஒரு கடைக்குச் செய்தபோது அவசரத்தில் தலைப்பையும் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்துவிட்டார்கள். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல் பிசிறு. வழவழப்பான பரப்பில் திடீரென்று ஒரு கூர்மையான விளிம்பு வந்தால் அலைகளால் அதைச் சுத்தமாக எழுத முடியாது, அக்கம்பக்கத்தில் சிந்திவிடும். ஆங்கிலத்தில் இது வெறும் அழுக்கு. தமிழிலோ அந்தப் பிசிறு புள்ளியைத் தின்றுவிடும்! 'ள்' மேல் இருந்த புள்ளி கரைந்து 'ள' ஆகிவிட்டது. தள்ளுபடி "தளளுபடி" ஆகி ஆயிரக்கணக்கான பேருக்குப் போய்விட்டது. ஒரு மெய்யெழுத்தின் உயிரே அந்தப் புள்ளிதானே. அன்றிலிருந்து தமிழ் எழுத்துள்ள படம் எதையும் நான் ஜேபெக் பக்கம் விடுவதில்லை.

அதற்கு பிஎன்ஜி. ஒரு பிக்சலைக்கூட விட்டுக்கொடுக்காத ஃபார்மேட் அது. படத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டே போகும். இடது பக்கத்துப் பிக்சலிலிருந்தும் மேல் வரிப் பிக்சலிலிருந்தும் இது எவ்வளவு மாறியிருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். "மேலே உள்ளது போலவே, மேலே உள்ளது போலவே" என்று எழுதி முடித்துவிடும். ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள் என்று பரந்து கிடக்கும் தலைப்புக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. நிறங்களை 64-க்குள் சுருக்கி பிஎன்ஜி-8 ஆக எடுத்தான் தம்பி. 19 கேபி! புள்ளி முழு வட்டமாக, மூக்குத்தி மாதிரி நின்றது.

பிஎன்ஜி பிறந்த கதை ஒரு சினிமா. ஜிஃப் படங்கள் எல்.இசட்.டபிள்யூ என்ற சுருக்கும் முறையில் ஓடுகின்றன. அதன் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஜிஃப் செய்யும் மென்பொருளுக்கு இனி உரிமக் கட்டணம் என்று 1994 கடைசியில் அறிவிப்பு வர, உலகம் முழுக்க இருந்த புரோகிராமர்கள் கொதித்துப்போனார்கள். 1995 ஜனவரி முதல் வாரத்திலேயே தாமஸ் பூட்டெல் புது ஃபார்மேட்டுக்கான வரைவைப் போட்டுவிட்டார். மற்றவர்கள் கைகோத்துக்கொண்டார்கள். 1996 அக்டோபர் 1 அன்று பிஎன்ஜி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகவே வந்துவிட்டது. யாருக்கும் கட்டணம் இல்லை!

இதில் என்னை மயக்குகிற துண்டு ஒன்று உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். எந்த பிஎன்ஜி ஃபைலைத் திறந்தாலும் முதல் எண் 137. ஏன் 137? அந்தக் காலத்து மெயில் வழிகளில் சில, ஏழு பிட்டை மட்டும் கடத்தி எட்டாவதை உதிர்த்துவிடும். 137-இல் எட்டாவது பிட் உண்டு. வழியில் அது உதிர்ந்தால் எண் மாறிவிடும், படம் பழுதாகிவிட்டது என்று திறக்கும்போதே தெரிந்துவிடும். வரி முறிக்கும் குறிகளையும் ஃபைலின் முதல் எட்டு பைட்டுக்குள் வைத்தார்கள், யாராவது நடுவில் அதை மாற்றினாலும் சிக்கிவிடும். மெயிலில் போகும்போது அடிபடுவோம் என்று தெரிந்தே நெற்றியில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு பிறந்த குழந்தை!

லோகோவும் பிஎன்ஜிதான், பின்னணி இல்லாமல். இங்கே டார்க் மோட் பார்க்க வேண்டும். வெள்ளையில் அழகாக இருந்த அரக்கு நிற லோகோ கறுப்புத் திரையில் காணாமலே போய்விடும். ஜேபெக்காக வைத்தாலோ கறுப்புக்கு நடுவில் வெள்ளை அட்டை ஒட்டினாற்போல் இருக்கும். லோகோவைச் சுற்றி முடி அளவு மெல்லிய சந்தன நிறக் கோடு ஒன்று போட்டோம். வெள்ளையில் அது தெரியாது, கறுப்பில் லோகோவைத் தூக்கி நிறுத்தும். லோகோவை எஸ்விஜியாகக் கொடுத்திருந்தார்கள். ஜிமெயில் எஸ்விஜியைக் காட்டாது, அதனால் மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

இனி ஜிஃப். என் செல்லம்!

1987 ஜூனில் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் பிறந்தது. அதற்குத் தெரிந்தது 256 நிறம் மட்டுமே. 2013-இல் வெபி என்ற இணைய விருதுகளில் வாழ்நாள் சாதனை விருதை வாங்கியபோது, தன் படைப்பை 'கிஃப்' என்றல்ல, 'ஜிஃப்' என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று அவர் மேடையில் திரையிட்டே காட்டினார். நம் ஊரில் ஆரம்பத்திலிருந்தே ஜிஃப்தான், அவர் ஆசையை நாம் நிறைவேற்றியிருக்கிறோம். ஒரு ஜிஃப் முடிந்து மறுபடி மறுபடி ஓடுகிறதே, அந்த வசதியைக் கொண்டுவந்தது நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர். அதனால் சுற்றிச் சுற்றி ஓடும் ஜிஃப்பைத் திறந்து உள்ளே பார்த்தால் 'நெட்ஸ்கேப் 2.0' என்று எழுதியிருக்கும். அந்த பிரவுசர் போய்விட்டது. அதன் பெயர் இன்று காலை உங்களுக்கு வந்த மெயிலிலும் இருந்திருக்கலாம்!

கடைக்காரர் மத்தாப்பு கேட்டிருந்தார். புடவைக்கு மேலே மத்தாப்பு பொறி பறக்க வேண்டும். தம்பி உயிரைக் கொடுத்துச் செய்தான், 24 பிரேம். பார்க்க அவ்வளவு அழகு. சைஸ் 3.9 எம்பி. ஏனென்றால் மத்தாப்பில் ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு பிரேமிலும் வேறு இடத்தில். ஜிஃப்புக்குப் பிடித்தது, ஒரே நிறம் பக்கவாட்டில் நீளமாக ஓடுவதும், போன பிரேமில் இருந்தது அப்படியே இருப்பதும். மத்தாப்பில் இரண்டும் கிடையாது.

இரண்டு பேரும் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு பூஜை ஷெல்ஃபில் எரிந்துகொண்டிருந்த அகல் விளக்கைப் பார்த்தான் அவன். அவ்வளவுதான்! அகலில் திரியும் எண்ணெயும் மண் விளிம்பும் அசைவதே இல்லை, சுடர் மட்டும் அசைகிறது. முதல் பிரேமில் முழு விளக்கையும் வைத்தோம். அடுத்த ஏழு பிரேமில் சுடர் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை மட்டும். மீதி இடமெல்லாம் வெறுமை, அடியில் இருக்கும் முதல் பிரேமே தெரியும். பின்னணி ஒரே நிறம். நிறங்களைக் குறைக்கும்போது இடைநிறத்தைப் புள்ளி புள்ளியாகத் தூவிக் கண்ணை ஏமாற்றும் ஒரு வழி உண்டு, டிதரிங். அந்தத் தூவல் நீளமான நிற ஓட்டத்தை உடைத்து சைஸை ஏற்றும். அதைச் சுடரில் மட்டும் வைத்துவிட்டு மற்ற இடத்தில் எடுத்துவிட்டோம். 3.9 எம்பி மத்தாப்பு போய் 146 கேபி அகல் விளக்கு! சுடர் நெளிகிறது, அறை முழுக்க ஆடுகிற மாதிரி இருக்கிறது.

எட்டு பிரேமில் எது முதல் பிரேம் என்பதற்கு மட்டும் அரை மணி நேரம் செலவழித்தோம். அவுட்லுக் 2007-இல் மெயிலைக் காட்டும் வேலையை வேர்டிடம் கொடுத்துவிட்டது. கடிதம் டைப் செய்கிற அதே வேர்டுதான். 2007 முதல் 2016 வரையான அவுட்லுக்குகளில் ஜிஃப் அசையாது, முதல் பிரேம் மட்டும் நிற்கும். இன்னும் அந்த அவுட்லுக்கோடு எத்தனையோ ஆபீஸ் மேஜைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மெயில் பார்க்கிற அக்காவுக்கும் தீபாவளிதானே? அதனால் சுடர் நன்றாக நிமிர்ந்து, நடுவில் பொன் நிறம் தெரிகிற பிரேமை முதலில் வைத்தோம். அசையாவிட்டாலும் அது ஒரு முழு விளக்கு.

இடையில் ஓடிய சின்ன வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து போட்டோக்கள் முதலில் வாட்ஸ்அப்பில் வந்தன. வாட்ஸ்அப் தன் பங்குக்கு நசுக்கிவிடும், "ஐயா, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேட்டு மறுபடி வாங்கினோம். இரண்டு படம் ஐபோனிலிருந்து ஹெய்க் ஃபார்மேட்டில் வந்தன, மாற்றினோம். ஒரு படம் நோட்டீஸ் அச்சடிக்கச் செய்தது, அச்சுக்கான நான்கு மை கணக்கில் இருந்தது. அதை அப்படியே மெயிலில் வைத்தால் சில இடங்களில் திறக்காது, சில இடங்களில் நிறம் கண்ணைக் குத்தும். திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறக் கணக்குக்கு மாற்றினோம். அதில் இருந்தது எம்.எஸ். நீலச் சேலை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய நீலம் வெளிறிப் போவதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பழைய நீலம் திரும்ப வரும்வரை தம்பி எழுந்திருக்கவில்லை. கடைசியாக ஒவ்வொரு படத்துக்கும் மாற்று வரி எழுதினேன். படம் தடுக்கப்பட்ட இடத்திலும் "அரக்கு உடம்பு, பச்சை பார்டர், தாழம்பூ ரேக்கு" என்று படிக்கக் கிடைக்கும். கண் தெரியாதவரின் போன் அதை வாசித்தும் காட்டும்.

ராத்திரி 2.20-க்குக் கூட்டிப் பார்த்தோம். பதினொரு படம், மொத்தம் 870 கேபி. ஆறு ஜேபெக், நாலு பிஎன்ஜி, ஒரு ஜிஃப். 1987, 1992, 1996. முப்பது, நாற்பது வருஷத்து மூன்று பெரியவர்கள் வரிசையாக நின்று புதுப் புடவையைக் காட்டுகிறார்கள்!

காலை 9.35-க்குக் கடைக்காரர் ஐயாவுக்கு டெஸ்ட் மெயில் அனுப்பினேன். எழுபது வயது, மூன்று தலைமுறையாகப் பட்டு வியாபாரம். ஐந்து நிமிஷம் பதில் இல்லை. 9.41-க்கு போன் அடித்தது.

"ஏம்மா, அந்த அரக்குச் சேலை..."

"சொல்லுங்க ஐயா."

"ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்தேன். கோர்வை சேர்ற இடம் தெரியுதும்மா. ரேக்கு ஒண்ணொண்ணும் கூரா நிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "நெய்யுறவங்களுக்கும் இதை அனுப்பிவைக்கலாம் இல்ல?"

அவர்கள் மெயில் முகவரிகளைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்த்தோம். பத்து மணிக்குத் தம்பி சென்ட் அடித்தான்.